உங்களுக்குத் தெரியுமா? ராமநாதபுரம் கரையின் மறந்துபோன சத்துணவுகள்

வானம் பார்த்த பூமி என்று பேரெடுத்த மாவட்டம் ராமநாதபுரம். ஆனால் அதன் கடலும் பனங்காடும் மானாவாரி வயலும் தரும் சத்துக்குக் குறைவில்லை. மலிவானவை என்பதாலேயே நாம் தாண்டிப் போகும் சில உணவுகள் இதோ.

● கடலில் விளையும் கஞ்சி
மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பகுதிக் கடலில் கஞ்சிப்பாசி வளர்கிறது. கழுவி, உலர்த்தி, கொதிக்கவைத்தால் கஞ்சியாகக் குழைந்துவிடும். அதைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் இங்கே உண்டு. நார்ச்சத்து, அயோடின், தாது உப்புகள் மூன்றும் இதில் கிடைக்கும். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள் இப்பகுதிப் பெண்கள். தைராய்டு தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

● நோன்பு திறக்கும் கடல்பாசி
ரம்ஜான் மாதத்தில் கீழக்கரை வீடுகளில் பளபளக்கும் கடல்பாசி இனிப்பு, அகர் என்னும் பொருளால் ஆனது. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். ஃபிரிட்ஜ் இல்லாமலே உறைந்துவிடும். ஏறக்குறைய முழுவதும் நார்ச்சத்துதான். சர்க்கரையைக் குறைத்து இளநீரில் காய்ச்சினால் வயிற்றுக்கும் இதம், உடம்புக்கும் நல்லது.

● உப்பே போட வேண்டாத கீரை
உப்பளங்களின் ஓரத்திலும் கழிமுகச் சேற்றிலும் தானாக முளைப்பது உமரிக்கீரை. உவர்மண்ணில் வளர்வதால் இலையிலேயே உப்பு ஊறியிருக்கும். வேகவைத்து நீரை வடித்துவிட்டு, பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பொரியல் செய்யலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவாகச் சாப்பிட வேண்டும். சாக்கடை கலக்கும் இடத்தில் பறிக்கவே கூடாது.

● முள்ளோடு தின்னும் மீன்
வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் காசில் காரல், சூடை, நெத்திலி பை நிறைய வாங்கலாம். பொடி மீன்களை முள்ளோடு மென்று தின்பதால் சுண்ணாம்புச் சத்து நேராக உடம்பில் சேரும். சாளையிலும் சூடையிலும் இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் காரல் மீன் சமைத்துக் கொடுப்பது கடற்கரை வீடுகளின் பழக்கம்.

● மாசி: ஒரு கரண்டி போதும்
சூரை மீனை வேகவைத்து, புகைகாட்டி, கட்டையாகும்வரை காயவைத்தால் மாசி. மாலத்தீவும் லட்சத்தீவும் இதற்குப் பேர்போனவை. நீர் வற்றிப்போவதால் புரதம் செறிந்திருக்கும். இடித்துச் சம்பலில் ஒரு கரண்டி சேர்த்தாலே போதும், வெறும் சோறும் சத்துள்ள சாப்பாடாகிவிடும்.

● பனை தரும் இரண்டு
பனம்பழத்தின் மஞ்சள் சதையில், வைட்டமின் ஏ-வாக மாறும் கரோட்டின் இருக்கிறது. பழம் தின்ற கொட்டையை மண்ணில் புதைத்தால், தை மாதத்தில் கிழங்கு தோண்டலாம். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த பனங்கிழங்கில் நார்ச்சத்து நிறைய. யாழ்ப்பாணத்தில் கிழங்கைக் காயவைத்து மாவாக்கி, மீனும் நண்டும் சேர்த்து ஒடியற்கூழ் காய்ச்சுகிறார்கள். மாவு கெடாது என்பதால் ஆண்டு முழுவதும் உதவும்.

● மழையை நம்பி விளையும் சிவப்பரிசி
சித்திரைக்கார், ராமநாதபுரத்தின் மானாவாரி நெல். வறட்சியைத் தாங்கும். இதன் சத்தில் பெரும்பங்கு சிவந்த தவிட்டில்தான். தீட்டி வெளுப்பாக்கினால் அது போய்விடும். குதிரைவாலிக்கும் இதே கதைதான். தீட்டாததாகப் பார்த்து வாங்குங்கள். முதல் நாள் ஊறவைத்துக் கஞ்சியாக்கினால் நன்றாகக் குழையும்.

● இவற்றைத் தொடக்கூடாது
கடலில் கிடைப்பதெல்லாம் உணவாகாது. கடல்பசு, கடலாமை, கடல் அட்டை மூன்றும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. கடல் அட்டை பிடிக்க 2001 முதல் தடை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. பாசித் திட்டுகளும் பவளப்பாறைகளும் அழிந்தால் காரலும் சூடையும் வளர இடமிருக்காது.

மேலே சொன்ன உணவுகள் எதற்கும் விளம்பரம் கிடையாது. வாங்க ஆளில்லாவிட்டால் விளைவிக்கவும் ஆளிருக்காது. வாரத்தில் ஒருநாள் பொடி மீன், ஒருநாள் சிவப்பரிசிக் கஞ்சி என்று தொடங்குங்கள். பிள்ளைகளுக்கும் அந்த ருசியைப் பழக்குங்கள்.