டேலிக்குத் தெரியாத லாரி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் முதலாளி மாறுவார், கணக்கர் மாறுவார், கம்ப்யூட்டர்கூட நாலு தடவை மாறியிருக்கும். டேலி மட்டும் மாறாது. 1986-இல் தொடங்கிய நிறுவனத்தின் கணக்கு மென்பொருள் அது. ஆனால் சரக்கு வாங்கும் பெரிய கடைகளும் அதை ஏற்றிப்போகும் லாரிக் கம்பெனிகளும் க்ளவுடுக்குப் போய்விட்டன. ஆர்டர் விழுவதும், வண்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதும் இப்போது அங்கேதான். டேலியையும் க்ளவுடையும் இணைத்துத் தருகிறோம் என்று வருகிறவர்கள், "ஒரே நாள் வேலை சார்" என்பார்கள். பொய்யில்லை. பாதை போட ஒரு நாள்தான். அதில் போகிற சரக்குதான் தகராறு.

இந்த இணைப்பை யாரும் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. 2018 பிப்ரவரி 1 அன்று, சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் கட்டாயம் என்றார்கள். முதல் நாளே இணையதளம் படுத்துவிட்டது. மாநிலம் தாண்டும் சரக்குக்கு ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள் ஜூன் 2 முதலும் அது நடைமுறைக்கு வந்தது. பின்னாலேயே, பில்லை அரசு தளத்தில் பதியச் சொல்லும் இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதலுக்கு மேற்பட்டவர்களோடு தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கிவிட்டது. ஒரே பில்லை டேலியில் ஒரு தடவை, அரசு தளத்தில் ஒரு தடவை, கடைக்காரர் தளத்தில் இன்னொரு தடவை தட்டிக்கொண்டிருக்க எந்தக் கணக்கரால் முடியும்?

டேலி பேசும் தரவு மொழி எக்ஸ்எம்எல். வழக்கமாக 9000-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். க்ளவுட் ஜேசான் பேசும். ஒன்றை மற்றதாக மாற்றுவது பெரிய வித்தை அல்ல. டேலி இருக்கும் கம்ப்யூட்டரை ராத்திரி அணைத்துவிட்டுப் போவார்கள் என்பதால், அதற்குள் ஒரு சின்ன நிரலை உட்கார வைத்து, காலையில் எழுந்ததும் க்ளவுடிடம் போய், "என்ன வந்திருக்கிறது?" என்று கேட்கச் செய்வார்கள். அதுவரை ஆர்டர்கள் வரிசையில் நிற்கும்.

சிக்கல் பெயரில் தொடங்குகிறது. வெளியிலிருந்து பில் வரும்போது டேலி பெயரைப் பார்த்துத்தான் ஆளைத் தேடும். லெட்ஜரில் 'ஸ்டோர்ஸ்', க்ளவுடில் 'ஸ்டோர்' என்றிருந்தால், அப்படி ஒருவர் இல்லை என்று பில்லைத் திருப்பிவிடும். டேலியில் மாற்றுப்பெயர் வைக்க வசதி உண்டு. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட யாருக்குப் பொறுமை? அளவு இன்னும் மோசம். கம்பெனியில் கணக்கு டஜனில், கடைக்காரர் கணக்கு பீஸில். 50 டஜன், 50 பீஸாகப் போய் இறங்கினால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. திருப்பி அனுப்பப்பட்ட பில்லைவிடத் தப்பாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பில்தான் ஆபத்து.

அடுத்தது, அழித்த பில். டேலியில் ஒவ்வொரு பதிவுக்கும் 'ஆல்டர்ஐடி' என்ற எண் உண்டு. திருத்தும்போதெல்லாம் அது ஏறும். இணைப்பு நிரல் பலவும் "நேற்றைய எண்ணுக்கு மேல் என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்கும். திருத்திய பில் சிக்கிவிடும். அழித்த பில்? அதற்கு எண்ணே இல்லையே. டேலியில் இல்லாத பில் க்ளவுடில் உயிரோடு இருந்து, சரக்கு வரவில்லை என்று புகார் கொடுத்துக்கொண்டிருக்கும்.

லாரிக்கு வருவோம். இ-வே பில்லின் 'பார்ட் பி'யில் வண்டி எண் இருக்கும். வழியில் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால் டிரான்ஸ்போர்ட்காரரே தன் மென்பொருளிலிருந்து அதைப் புதுப்பிப்பார். அரசுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். டேலிக்கு யாரும் சொல்லவில்லை என்றால், வாங்குகிறவர் போன் செய்யும்போது கணக்கர் பழைய வண்டி எண்ணைத்தான் வாசிப்பார். புதுப்பிக்கத் தவறினாலோ, சரக்கையே நிறுத்தி வைக்க அதிகாரிக்குச் சட்டம் இடம் தருகிறது. உரிமையாளர் வந்து மீட்க வரியைப் போல இரு மடங்கு அபராதம். பெயரைவிட, டஜனைவிட, நான் கவலைப்படுவது இந்தத் திரும்பி வரும் செய்தியைப் பற்றித்தான். டேலியிலிருந்து எடுத்துப்போவதை மட்டும் விற்றுவிட்டு, திருப்பிக் கொண்டுவருவதை 'அடுத்த கட்டம்' என்று தள்ளிவிடுகிறார்கள்.

ஆகவே முதலாளிகளே, டெமோ பார்க்கும்போது டீ கொடுத்துத் தலையாட்டாதீர்கள். பாதி பில் போய்க்கொண்டிருக்கையில் நெட்டைப் பிடுங்கி விடுங்கள். திரும்ப வந்ததும் அதே பில் இரண்டாக விழுகிறதா என்று பாருங்கள். ஒரு பில்லை அழித்துக் காட்டச் சொல்லுங்கள். வண்டி எண்ணை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் செக் போடலாம்.