குழாய் நீரில் புளோரைடு: மருந்தா, நஞ்சா?

"டாக்டர், குழாய்த் தண்ணீரில் ஏதோ இரசாயனம் கலக்கிறார்களாமே? பிள்ளைகளுக்கு மூளை மந்தமாகிவிடும் என்று வாட்சாப்பில் வந்தது. உடனே வடிகட்டி வாங்கிப் பொருத்திவிட்டோம்" என்றார் ஒரு தாயார். அவர் அழைத்து வந்த 5 வயது மகனின் வாயில் 7 சொத்தைப் பற்கள். இரவில் புட்டிப்பால் இன்னும் நின்றபாடில்லை.

அந்தச் சொத்தைக்கு வடிகட்டிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவருடைய அச்சத்தைச் சிரித்து ஒதுக்கிவிடவும் முடியாது.

கலக்கிறார்கள் என்பது உண்மைதான். சிங்கப்பூரில் 1956இல் தொடங்கியது. மலேசியாவில் முதலில் 1957இல் ஜொகூரில் கலந்தார்கள். 1972இல் அமைச்சரவை இதை நாடு முழுமைக்கும் கொள்கையாக ஏற்றது. தொடக்கத்தில் லிட்டருக்கு 0.7 மில்லிகிராமாக இருந்த அளவு, 2005இல் 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. பற்பசையிலிருந்தும் புளோரைடு கிடைக்கத் தொடங்கிவிட்டதே, தண்ணீரில் அவ்வளவு எதற்கு?

இது செய்யும் வேலை என்ன? நாம் உண்ணும் சீனியைத் தின்று வாயிலுள்ள கிருமிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சிலுள்ள தாதுக்களைக் கரைக்கிறது. உமிழ்நீர் அவற்றைத் திரும்பப் படியவைக்கிறது. கரைவதும் படிவதுமாக நாள் முழுவதும் இந்தப் போராட்டம் நடக்கிறது. உமிழ்நீரில் சிறிதளவு புளோரைடு இருந்தால் படிவது வேகமாகிறது, படிந்த பூச்சும் அமிலத்தை நன்றாகத் தாங்குகிறது. மணிக்கொரு தரம் தேத்தண்ணீரில் கெட்டிப்பால் ஊற்றிக் குடிப்பவருக்கு எந்தப் புளோரைடும் ஈடுகொடுக்காது. இதைச் சொன்னால் சிலர் என்னை முறைக்கிறார்கள்!

இதைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போன பல் மருத்துவர் பிரெடரிக் மெக்கே, அங்கே பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருப்பதையும், ஆனால் சொத்தை குறைவாக இருப்பதையும் கவனித்தார். தண்ணீரில் இயற்கையாகவே மிகுந்திருந்த புளோரைடுதான் காரணம் என்று 1931இல் தெரியவந்தது. கறை விழாமல் சொத்தையை மட்டும் தடுக்கும் அளவைத் தேடிக் கண்டு, 1945இல் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில் முதன்முதலாகக் கலந்தார்கள்.

ஆகவே எல்லாம் அளவில்தான் இருக்கிறது. தமிழகத்தின் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, பல்லில் கறை விழுந்ததோடு எலும்பும் மூட்டும் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. அவர்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அங்கே மிகுதியைத் தவிர்க்கப் பாடுபடுகிறார்கள், இங்கே சிறிதளவு சேர்க்கிறோம்.

மூளை பற்றிய பேச்சுக்கும் ஓர் அடிப்படை உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள இடங்களில் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவதோடு தொடர்பு தெரிவதாக 2024இல் அமெரிக்க அரசு ஆய்வு அமைப்பு ஒன்று அறிவித்தது. 0.7 அளவில் அப்படி நேருமா என்று முடிவு சொல்லத் தரவு போதாது என்றும் அதே அறிக்கை கூறியது. நம் குழாய் நீரில் உள்ளது 1.5இல் மூன்றில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு நான் அஞ்சவில்லை. ஆயினும் ஆய்வுகள் தொடர வேண்டும்.

பற்பசை பரவிய பிறகு தண்ணீரால் கிடைக்கும் பலன் முன்பைவிடச் சிறியது என்பதையும் மறைக்கக் கூடாது. அதற்காக நிறுத்திவிடலாமா? கனடாவின் கல்கரி நகரம் 2011இல் நிறுத்தியது. நிறுத்தாத எட்மன்டன் நகரப் பிள்ளைகளைவிட அங்குள்ள பிள்ளைகளுக்குச் சொத்தை கூடியது. 2025இல் மீண்டும் கலக்கத் தொடங்கினார்கள். நம் நாட்டிலும், 1995இல் நிறுத்திய கிளந்தானில் நெகிரி செம்பிலானைவிடப் பிள்ளைகளுக்குச் சொத்தை அதிகம் என்று ஆய்வு காட்டியது. பல் மருத்துவரிடம் அடிக்கடி போக வசதியில்லாத குடும்பத்துக்கும் குழாய் நீர் போய்ச் சேர்கிறது அல்லவா?

உங்கள் வீட்டு வடிகட்டி 'ஆர்.ஓ.' வகையா என்று பாருங்கள். அது புளோரைடில் பெரும்பகுதியை நீக்கிவிடும். சாதாரணக் கரி வடிகட்டி அவ்வளவாக நீக்காது. கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது. பற்பசையை 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அரிசியளவும், 6 வயது வரை பட்டாணியளவும் வைத்து, துப்பப் பழக்குங்கள். அந்தத் தாயாரிடம் வடிகட்டியைக் கழற்றச் சொல்லவில்லை. இரவுப் புட்டியை நிறுத்தச் சொன்னேன்.