பூகம்பத்தை அண்டை வீட்டுக்குத் திருப்பலாமா?

பூகம்பம் வரும் நாளையும் நாழிகையையும் முன்கூட்டி உரைக்கவல்ல சாஸ்திரம் இன்றளவும் தோன்றவில்லை. ஆயின், வருகிற அதிர்ச்சியை ஊர்ப்பக்கம் அணுகாதபடி திருப்பிவிட இயலுமா என்று பிரான்ஸ் தேசத்து நிபுணர்கள் பரீக்ஷித்திருக்கின்றனர். இதனை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் அவசியமென்று கருதுகிறோம். இதில் பௌதிகம் மட்டுமன்றி நியாயமும் அடங்கியிருக்கிறது.

2012 ஆகஸ்டில், கிரனோபிள் நகருக்கருகே, மெனார் என்னும் அஸ்திவார வேலைக் கம்பெனியாரும் மார்ஸேல் நகரத்துப் பிரெனெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து, 5 மீட்டர் ஆழமும் 32 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள குழிகளை வரிசை வரிசையாகத் துளைத்தனர். குழிக்குக் குழி இடைவெளி 1.73 மீட்டர். பக்கத்தில் ஒரு யந்திரத்தை இறக்கி, வினாடிக்கு 50 தடவை நிலத்தை அதிரச் செய்தனர். அலையின் பெரும்பகுதி அவ்வரிசைகளைக் கடக்க மாட்டாமல் வந்த வழியே திரும்பிற்று. 2014-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

ஒற்றைக் குழிக்கு இந்த ஆற்றல் இல்லை. ஒவ்வொரு குழியும் அலையைச் சிறிது சிதறடிக்கிறது. இடைவெளி அலையின் நீளத்துக்கு ஒத்திருந்தால், சிதறியவை முன்னோக்கி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, பின்னோக்கி ஒன்றுகூடி வலுக்கின்றன. மண் அதே மண்தான்; மனிதன் வகுத்த ஒழுங்கு அதற்குப் புதுக் குணத்தைத் தருகிறது. இவ்வகை அமைப்பையே மெட்டாமெட்டீரியல் என்கிறார்கள்.

அதற்குள் ஆனந்தக் கூத்தாட வேண்டியதில்லை. கட்டடங்களை வீழ்த்தும் அலை வினாடிக்கு ஐம்பது தடவை ஆடுவதன்று. 1985-ல் மெக்ஸிகோ நகரில், பழைய ஏரிப்படுகையின் இளகிய மண் சுமார் இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் அசைந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அத்தகைய அலையின் நீளம் நூறு மீட்டரையும் கடக்கும். அதை மறிக்கும் குழிவரிசையை வீட்டுத் தோட்டத்தில் அமைக்க முடியாது. ரப்பர் பூசிய ஈயக்குண்டுகளைக் கொண்டு, அலைநீளத்தைவிட மிகச் சிறிய அமைப்பாலும் ஒலியலையைத் தடுக்கலாமென்று 2000-ல் ஹாங்காங் விஞ்ஞானிகள் காட்டியிருப்பது உண்மை. அதை ஊரளவுக்கு விரிப்பதற்கான வழி இனித்தான் தேடப்படவேண்டும்.

நம்மை உறுத்துவது வேறொன்று. திரும்பிய அலை மறைந்துபோகவில்லை. கிரனோபிளில் யந்திரம் இருந்த பக்கத்தில் அதிர்ச்சி முன்னிலும் மிகுந்ததென்று கருவிகளே காட்டின. ஒரு செல்வர் தம் மாளிகையைச் சுற்றிக் குழிகள் எடுத்தால், எதிர்ச்சாரியில் குடியிருப்போர் கதி என்ன?

1884-ல் இங்கிலாந்தில் வாலி என்பவர் ஒரு ரயில்வே கம்பெனியின்மீது தொடுத்த வழக்கு நினைவுக்கு வருகிறது. கரையோரம் தேங்கிய வெள்ளத்தைக் கம்பெனியார் கரையை வெட்டி அவர் நிலத்தில் பாய்ச்சினர். நஷ்டஈடு தரவேண்டுமென்று தீர்ப்பாயிற்று. ஆனால், வந்துவிட்ட தீங்கைப் பிறன்மேல் தள்ளுவது வேறு, வருமுன் தடுத்துக்கொள்வது வேறு என்றும் நீதிபதிகள் பகுத்தனர். குழிவரிசை செய்வதோ வருமுன் தடுப்பது! அந்த நியாயப்படி செல்வர் தப்புவார். அண்டை வீட்டார் இடிபாட்டில் கிடப்பர்.

குழிக்கு அனுமதி கோருபவரிடம் திரும்பும் அலை எவர் மனையைச் சேரும் என்ற கணக்கையும் நகரசபையார் கேட்டு வாங்குமாறு சட்டம் செய்யவேண்டும். கிரனோபிளில் அளக்க முடிந்ததை மற்ற இடங்களில் அளக்க முடியாதென்று எவரும் சாதிக்க மாட்டார்கள்.