தாலிக்குத் தங்கம் தருகிறோம், தொட்டிலுக்கு?

பார்வையற்ற ஒருவரை மணப்பவருக்குத் தமிழக அரசு திருமண உதவித்தொகையோடு தாலிக்கு 8 கிராம் தங்கமும் தருகிறது. திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள் இதற்காக நாடுவது வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலக வளாகத்தை. அந்தத் தம்பதிக்குக் குழந்தை பிறந்தபின், ‘கண்ணு தெரியாதவங்க எப்படி வளர்ப்பாங்க?’ என்று யாராவது புகார் கொடுத்தால்? அங்கேதான் சட்டம் வாய்மூடி நிற்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 9-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிக் குழந்தையை அதன் குறைபாட்டைக் காரணம் காட்டி, நீதிமன்ற உத்தரவின்றிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கத் தடை விதிக்கிறது. பெற்றோரின் குறைபாடு பற்றி அதில் பேச்சே இல்லை. இந்தியா 2007-இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 23-ஆவது பிரிவோ, குழந்தை, பெற்றோர் என யாருடைய குறைபாடும் பிரிவினைக்குக் காரணமாகக் கூடாது என்கிறது. பாதியைத்தான் நாம் சட்டமாக்கியிருக்கிறோம்.

இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன்படி, பெற்றோர் தகுதியற்றவர் அல்லது இயலாதவர் என்று குழந்தைகள் நலக் குழு முடிவுசெய்தால், பிள்ளை அதன் பொறுப்புக்குள் வந்துவிடும். பார்வையின்மை மட்டுமே இயலாமை ஆகாது என்று ஒரு வரி எழுதிவைத்திருக்கலாம்.

அந்த ஒரு வரி இல்லாததன் விலையை அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் காட்டியது. 2010-இல் அங்கே பார்வையற்ற தம்பதியின் பச்சிளங்குழந்தைக்குப் பால் குடிக்கையில் மூச்சு முட்டியது. எந்தப் புதுத்தாய்க்கும் நேரக்கூடியதுதான். ஆனால் அரசு குழந்தையை எடுத்துக்கொண்டு, 57 நாள் கழித்தே திருப்பிக் கொடுத்தது.

நம் பழைய சட்டம் இந்த விஷயத்தில் இன்னும் நியாயமாக இருக்கிறது. இந்து இளவர் காப்பாளர் சட்டம், 1956, இயற்கைக் காப்பாளர் உரிமையை இழப்பவர்களாகச் சொல்வது மதம் மாறியவரையும் உலகைத் துறந்தவரையும்தான். கிரிவலப் பாதையின் சந்நியாசிக்கு அந்த உரிமை போய்விடும். பார்வையற்ற தகப்பனுக்குப் போகாது! பார்வையின்மையைக் காட்டி யாரையும் நீதிபதிப் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவுசெய்ய ஒருவருக்குக் கண் வேண்டாம் என்றால், வளர்ப்பதற்கு மட்டும் எதற்கு?

குழந்தையின் காலில் கொலுசு கட்டி அது போகும் இடமறிவதும், மருந்துக் குழலில் கீறலிட்டு அளவை விரலால் உணர்வதும் பார்வையற்ற பெற்றோர் கையாளும் வழிகள். விசாரணைக்கு வரும் அதிகாரி இவற்றைக் கேட்டறிய வேண்டும்.

அந்த ஒரு வரி சட்டத்தில் ஏறும்வரை, பெற்றோர் கையில் இருப்பவை சில உண்டு. குழந்தையைக் காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியே என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு. குழுவின் உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். மாற்றுத்திறனாளி என்றால், வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.