பழைய புல்டோசர் வாங்குவோர் கவனத்திற்கு



காடு வெட்டிக் கழனி திருத்தவும், குளக்கட்டை உயர்த்தவும், வீதிக்கு நிலம் சமன் செய்யவும் நம் நாட்டவர் நெடுங்காலம் மண்வெட்டியையும் கூடையையும் யானையையுமே நம்பியிருந்தனர். 1949 ஆம் ஆண்டு கல்லோயாத் திட்டம் தொடங்கப்பெற்று, அமெரிக்காவின் மொரிசன்-நுட்சன் கொம்பனியார் அணை கட்ட வந்த காலத்தில், மண் தள்ளும் பெரும் பொறிகள் கீழ்மாகாணக் காட்டினுள் இறங்கின. அன்று அரசாங்கத்தாருக்கும் பெருங் கொம்பனியாருக்குமே உரியதாயிருந்த அப்பொறி, இன்று சிறு ஒப்பந்தகாரர் ஒருவர் வயலை ஈடுவைத்தோ, மனைவியின் நகையை அடகுவைத்தோ வாங்கத் துணியும் பண்டமாகிவிட்டது. புதியதன் விலை எட்டாக்கனியாதலின், வெளிநாட்டில் உழைத்துக் களைத்து இங்கு வந்திறங்கியதையோ, உள்ளூரிலேயே பலர் கைமாறியதையோதான் அவர் நாடவேண்டியிருக்கின்றது. அத்தகையோர் எதைப் பார்த்து, எதைக் கேட்டு, எதைத் தொட்டு வாங்கவேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஒரு கேள்வி. உங்களுக்கு வேண்டியது புல்டோசர்தானா? வாய்க்கால் வெட்டவும், லொறியில் மண் ஏற்றவும் பெக்கோவே போதும்; அதற்கு வேலையும் கூடுதலாகக் கிடைக்கும். புல்டோசரின் திறமை மண்ணைத் தள்ளுவதிலேயே உள்ளது. அதுவும் ஏறக்குறைய நூறு மீற்றருக்கு உட்பட்ட தூரமாயின்தான் கட்டுபடியாகும். அதற்கு மேற்பட்டால் மண்ணை அள்ளி லொறியில் ஏற்றுவதே மலிவு. வருடத்தில் இரண்டு மாத வேலைதான் உண்டு என்றால், வாடகைக்கு எடுத்து வேலையை முடிப்பவனே புத்திசாலி என்பது என் எண்ணம்.

இனி, வாங்குவதென்றே முடிவாயிற்று என வைத்துக்கொள்வோம். விற்பவர் முதலிற் காட்டுவது மணிமானியாகவே இருக்கும். மோட்டார் வண்டிக்கு மைல் கணக்குப்போல, இப்பொறிக்கு ஓடிய மணித்தியாலக் கணக்கு. நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலமாக வருடத்தில் 250 நாள் உழைத்தால் 2,000 மணித்தியாலம் ஆகும். இருபது வருடப் பொறியொன்று 4,000 மணித்தியாலம் மட்டுமே காட்டுமாயின், அது சும்மா நின்றதா, மானி நின்றதா, அல்லது மாற்றப்பட்டதா என்று ஐயுறுவதே முறை. மானி பொய் சொல்லலாம். மிதிகட்டையின் தேய்வு அவ்வளவு எளிதிற் பொய் சொல்லாது. நெம்புகோற் பிடிகள் வழுவழுத்து, மிதிகட்டையின் வரிகள் அழிந்து, ஆசனத்தின் இரும்பு தெரியுமாயின் அப்பொறி நெடுங்காலம் உழைத்ததென்று கொள்ளுங்கள். புதுப் பெயின்ற் பளபளப்பில் மயங்கவும் வேண்டாம். பெயின்ற் பூசுவது மலிவான வேலை. வெடிப்பையும் எண்ணெய்க் கசிவையும் அது சில வாரங்களுக்கு மறைத்து வைக்கும்.

அடுத்து அடிப்பகுதி. பட்டறைக்காரர் இதனை அண்டர்கரேஜ் என்பர். சங்கிலி, அச்சங்கிலியைச் சுற்றவைக்கும் பற்சில்லு, முன்னே நின்று அதை இழுத்துப்பிடிக்கும் ஐட்லர் என்னும் சில்லு, பாரத்தைத் தாங்கும் உருளைகள் ஆகியன யாவும் இதனுள் அடங்கும். 1904 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பெஞ்சமின் ஹோல்ற் என்பவர் நீராவி உழவுயந்திரம் ஒன்றின் சில்லுகளைக் கழற்றிவிட்டுச் சங்கிலிப்பாதை பூட்டியோட்டினார். அது மயிர்க்கொட்டிபோல ஊர்ந்தமையால் அதற்குக் கற்றர்பிலர் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. சேற்றிற் புதையாமற் செல்வது அந்தச் சங்கிலியின் பெருமை. உரிமையாளரின் பணத்தைத் தின்பதும் அதுவே. புல்டோசர் ஒன்றின் வாழ்நாட் பராமரிப்புச் செலவில் ஏறத்தாழப் பாதி இவ்வடிப்பகுதிக்கே போய்விடும் என்பது இத்தொழிலில் உள்ளோர் அறிந்த கணக்கு. ஆகவே எஞ்சினைக் கேட்டுப் பார்ப்பதற்கு முன்னர், கையில் ஓர் அளவுநாடாவுடன் சங்கிலியருகே குந்தியிருப்பது நல்லது.

சங்கிலியின் கண்ணிகள் பின் என்னும் ஊசியாலும், அதைச் சுற்றியுள்ள புஷ் என்னும் குழலாலும் கோக்கப்பட்டவை. உள்ளே பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று தேய்க்கத் தேய்க்கச் சங்கிலி நீளும். ஒரு பின்னின் நடுவிலிருந்து ஐந்தாவது பின்னின் நடுவரை, அதாவது நான்கு கண்ணிகளின் நீளத்தை, சங்கிலி இறுகி நிற்கையில் அளந்து, உற்பத்தியாளரின் கைந்நூலிலுள்ள புதிய அளவோடு ஒப்பிட்டால் எத்துணை நீண்டுவிட்டதென்பது தெரிந்துவிடும். பற்சில்லின் பற்கள் சுறாமீன் பற்போலக் கூராகிவிட்டனவா என்று பாருங்கள். புஷ்ஷின் வெளிப்புறம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அதனைக் கழற்றி மறுபுறம் திருப்பிப் பூட்டி இன்னும் சிலகாலம் ஓட்டலாம். இருபுறமும் தேய்ந்திருப்பின் அந்த வித்தையை முன்னையவர் ஏற்கெனவே செய்துவிட்டார் என்பது பொருள்.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. சங்கிலியை இறுக்குவதற்கு ஒரு கிறீஸ் உருளை இருக்கின்றது. கிறீஸ் ஏற்ற ஏற்ற அது ஐட்லரை முன்னே தள்ளும். ஐட்லர் இனி முன்செல்ல இடமில்லாமல் எல்லைக்கு வந்துவிட்டதென்றால் சங்கிலி முடிந்தது என்றே கொள்ளலாம். அதை மறைப்பதற்குச் சிலர் ஒரு கண்ணியையே கழற்றிவிட்டுச் சங்கிலியைச் சேர்த்துவிடுவதுண்டு. ஆதலின் இரு பக்கத்துக் கண்ணிகளையும் எண்ணிப் பாருங்கள். எண்ணுவதற்குக் காசு செலவில்லை. ஆனால் அந்த உருளையின் கிறீஸ் வாயை மட்டும் விளையாட்டாகத் திருகிப் பார்க்கவேண்டாம். உள்ளே உள்ள அழுக்கம் மிகப் பெரிது; சீறி வரும் கிறீஸ் தோலைத் துளைத்து உள்ளே புகும்.

அரை மணித்தியாலம் ஓட்டி நிறுத்திய பின், புறங்கையை ஒவ்வொரு பின்னின் முனைக்கும் அருகே கொண்டு செல்லுங்கள். எண்ணெய் அடைத்த சங்கிலியில் ஒன்று மட்டும் மற்றவற்றினும் சுடுமாயின், அதனுள் எண்ணெய் வற்றிவிட்டது. அம்முனையைச் சுற்றிச் செந்தூசி படிந்திருப்பதும் அதே நோயின் அடையாளம். வன்னியிலும் கீழ்க்கரையிலும் உள்ள மணற்பாங்கான நிலம் சங்கிலிக்குப் பகை என்பதையும் இங்கே சொல்லிவைக்கவேண்டும்.

எஞ்சினைப் பொறுத்தவரை ஒரே ஒரு நிபந்தனை விதியுங்கள்: நீங்கள் வரும்வரை அதை இயக்கக்கூடாது. போனவுடன் எஞ்சின்மேற் கை வைத்துப் பாருங்கள். சூடாயிருந்தால், குளிர்ந்த நிலையில் அது இலகுவிற் கிளம்பாது என்பதை விற்பவர் மறைத்திருக்கக்கூடும். மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். கிளம்பியபின் வரும் புகையைக் கவனியுங்கள். தொடக்கத்தில் வெண்புகை சிறிது வருவது பெரிதன்று. நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை காற்று போதாமையையோ டீசல் மிகுவதையோ காட்டும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகைவண்டிபோலக் குபுகுபுவென்று ஊதுமாயின் பிஸ்டனும் வளையங்களும் தேய்ந்துவிட்டன. எண்ணெய் பாற்கோப்பி நிறமாயிருந்தால் நீர் கலந்துள்ளது.

பின்னர் வேலையில் விட்டுப் பாருங்கள். தகட்டை ஒரு மண்மேட்டின்மீது முட்டி, ஒவ்வொரு கியரிலும் தள்ளச் செய்யுங்கள். நல்ல பொறியாயின் சங்கிலி மண்ணைப் பறித்துக்கொண்டு சுழலும். எஞ்சின் இரைந்தும் சங்கிலி அசையாது நின்றால் கியர்ப் பெட்டியினுள் வழுக்கல் உண்டு. இடமும் வலமும் சமமாகத் திரும்புகின்றதா, சரிவில் தடுப்பு நிற்கின்றதா என்பனவும் பார்க்கத்தக்கன. தகட்டை நிலத்தில் அழுத்திப் பொறியின் முன்பாகத்தை மேலே தூக்கச் செய்து, சில நிமிடம் நிறுத்துங்கள். மெல்ல மெல்ல இறங்குமாயின் ஹைட்ரோலிக் உருளைகளில் கசிவு இருக்கின்றது. தூக்கி நிற்கும் தகட்டின்கீழ் எவரும், எக்காரணங் கொண்டும், தலை நீட்டக்கூடாது.

பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். லீசிங் கொம்பனியின் பாக்கி தீராத பொறியை வாங்கினால் பணமும் போய்ப் பொறியும் போகும். சட்டத்தில் உள்ள தொடர் இலக்கத் தகடு எஞ்சினிலும் பத்திரத்திலும் உள்ளவற்றோடு பொருந்தவேண்டும். வாங்கியபின் செய்யும் வேலைக்கும் அனுமதி தேவை. மண், கிரவல் அகழ்வதற்கு 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் உத்தரவுப்பத்திரம் வேண்டும். வனப் பகுதியில் அனுமதியின்றி இறங்கினால் பொறியே அரசுடைமையாகக்கூடும். "காணி என்னுடையது, பயமில்லாமல் தள்ளுங்கள்" என்று ஒருவர் சொன்னமட்டில் இறங்கிவிடாதீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் 2009 வரை போர் நடந்த நிலங்களிலோ, கண்ணிவெடி அகற்றப்பட்டதென்ற சான்று கையில் இல்லாமல் தகட்டைத் தாழ்த்தவே கூடாது. சாரதியின் உயிர் உங்கள் பொறுப்பு.

விலை பேசும்போது விலையோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். நடுத்தரப் பொறி 18, 20 தொன் நிறை இருக்கும். தார் வீதியிற் சங்கிலியோடு ஓட்ட முடியாது. தாழ்தள லொறி பிடிக்கவேண்டும். மணித்தியாலத்திற்கு 20 முதல் 30 லீற்றர் வரை டீசல் குடிக்கும். 2022 ஆம் ஆண்டு எரிபொருளுக்காக நாடு வரிசையில் நின்றபோது, கடன் தவணை மட்டும் வரிசையில் நிற்கவில்லை. ஆகவே கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல், சங்கிலிக்கும் முதற் பழுதுக்குமென ஒரு பங்கை ஒதுக்கிவைத்த பின்னரே கைச்சாத்திடுங்கள்.

பொறி வீடு வந்த அன்றே எஞ்சின், கியர்ப் பெட்டி, இறுதிச் செலுத்தி, ஹைட்ரோலிக் ஆகிய எல்லா எண்ணெய்களையும் வடிகட்டிகளையும் மாற்றிவிடுங்கள். வடித்த எண்ணெயைத் துணியில் ஊற்றி உலோகத் துகள் மின்னுகின்றதா என்று பாருங்கள். அடித்தட்டுகளைக் கழற்றி, உள்ளே இறுகிய சேற்றையும் சருகையும் துப்புரவாக்குங்கள்; எண்ணெய் ஊறிய சருகு தீப்பற்றும். ஐம்பது மணித்தியாலம் ஓடியபின் எண்ணெயை மீண்டும் ஒருமுறை சோதித்து, சங்கிலித் தட்டுகளின் போல்ற்றுகள் அனைத்தையும் இறுக்கவேண்டும்.