எரிவதும் அரிப்பதுமான ஓர் அமிலம்

வினிகர் என வழங்கும் காடியை அறியாதார் நம்முள் மிகச் சிலரே. அதற்குப் புளிப்பைத் தருவது அசெட்டிக் அமிலமாகும். காடியில் அது பெரும்பாலும் நூற்றுக்கு 4 முதல் 8 பங்குவரை நீரோடு கலந்திருத்தலின் உண்ணத்தக்கதாய் இருக்கின்றது. அதே அமிலம் நீர் நீங்கிச் செறிவுற்றவிடத்துத் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். நெருப்புப் பற்றியும் எரியும். சாயப் பட்டறைகளுக்கும் பல்வேறு ஆலைகளுக்கும் இன்றியமையாத பொருளாதலின் இது நாள்தோறும் பாரவண்டிகளிலும் கப்பல்களிலும் செல்கின்றது. நம் கல்லூரிகளின் இரசாயனச் சாலைகளிலும் இடம் பெற்றுள்ளது. ஆதலின் இதனைக் கையாளும் முறையை நாம் அறிந்திருத்தல் நலம்.

முதற்கண் இதன் இயல்பை நோக்குவோம். நீரற்ற அசெட்டிக் அமிலம் சென்டிகிரேட் 16.6 பாகையில் பனிக்கட்டிபோல் உறையும். 118 பாகையில் கொதிக்கும். ஏறக்குறைய 39 பாகையிலேயே அதன் ஆவி, ஒரு தீப்பொறி பட்ட அளவில் பற்றத்தக்க அளவுக்கு எழுகின்றது. குளிர்நாடுகளில் இஃது எளிதில் எட்டாத வெப்பம். நம் நாட்டிலோ, கோடைக் காலத்தில் வேலூர் முதலிய ஊர்களில் வெயில் 40 பாகையைக் கடத்தல் உண்டு; தகரக் கூரையின் கீழும் மூடிய வண்டியினுள்ளும் வெப்பம் இன்னும் மிகும். அன்றியும், இவ்வாவி காற்றினும் இருமடங்கு கனமுடையதாகையால் மேலெழாது தரையையொட்டிப் படர்ந்து, தொலைவிலுள்ள அடுப்பையோ விளக்கையோ சென்று சேரவும் கூடும்.

இனி, எந்தச் செறிவில் எந்த அபாயம் உளதென்பதை எங்ஙனம் அறிவது? ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு அபாயப் பண்டங்களுக்கு எண்கள் வகுத்துள்ளது. எடையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் அமிலமுள்ள கரைசலின் எண் 2789. அதற்கு அரிக்கும் பொருள்களின் 8ஆம் வகுப்புச் சீட்டும், எரியும் திரவங்களின் 3ஆம் வகுப்புச் சீட்டும் ஆகிய இரண்டும் ஒட்டப்பெறும். 10 பங்குக்கு மேல் 80 பங்குவரை உள்ள கரைசலின் எண் 2790. அதற்கு அரிப்புச் சீட்டு மட்டுமே. ஐரோப்பிய நாடுகளின் பாரவண்டிகளில் செம்மஞ்சட் பலகையொன்றில் மேலே 83 என்றும் கீழே 2789 என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். எட்டு அரிப்பையும் மூன்று எரிவையும் குறிப்பன. நம் நாட்டிலும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், இத்தகைய பண்டங்களை ஏற்றும் வண்டியில் பொருளின் பெயரும் எண்ணும் அடங்கிய அறிவிப்புப் பலகை வேண்டுமென்றும், ஓட்டுநர் அப்பண்டத்தின் அபாயங்களை அறிந்தவராய் இருத்தல் வேண்டுமென்றும் விதிக்கின்றன.

கலத்தின் தேர்வும் முக்கியமானது. சாதாரண இரும்புக் கலத்தை இவ்வமிலம் அரிக்கும். அவ்வரிப்பில் ஹைட்ரஜன் வாயு பிறக்கும். அவ்வாயுவோ எளிதில் தீப்பற்றுவது. இங்ஙனம் அரிப்பே எரிப்புக்கு வழிகோலுகின்றது. ஆகவே தக்க துருவேறா எஃகு அல்லது கெட்டியான பாலிதீன் கலங்களையே கொள்ளுதல் வேண்டும். வெப்பத்தால் திரவம் விரியுமாதலால் கலத்தை விளிம்புவரை நிரப்பலாகாது. குளிரில் உறைந்துவிடின், மூடியைச் சற்றுத் தளர்த்தி வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்குக, சுடரைக் காட்டற்க.

பலர் எண்ணிப் பாராத அபாயம் ஒன்று உண்டு. பெயர் ஒன்றாயிருத்தல் பற்றி எல்லா அமிலங்களையும் ஒரே அலமாரியில் அடுக்குதல் எளிதாய்த் தோன்றும். ஆயின் நைட்ரிக் அமிலம் பிற பொருள்களை எரியத் தூண்டுவது. அசெட்டிக் அமிலம் எரிவது. புட்டிகள் உடைந்து இரண்டும் கலப்பின் தீயோ வெடிப்போ விளையலாம். குரோமிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்ஸைடு, பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஆகியவற்றோடும் இதனைச் சேர்த்து வைத்தலோ ஒரே வண்டியில் அருகருகே ஏற்றுதலோ தகாது. எரியும் பொருள்களுக்குரிய குளிர்ந்த, காற்றோட்டமுள்ள இடமே இதற்கு ஏற்றது.

அமிலம் சிந்திவிடின், முதலில் அருகிலுள்ள நெருப்பனைத்தையும் அணைத்து, மின்பொறி எழாவண்ணம் காத்து, மனிதரை விலக்குதல் வேண்டும். கையுறையும் கண்காப்பும் அணிந்தோர் மணலால் அணைகோலி, சோடா உப்பைச் சிறிது சிறிதாகத் தூவி அமிலத்தை மாற்றுக. ஒருங்கே கொட்டின் நுரைத்துத் தெறிக்கும். உடலில் பட்டதாயின் நனைந்த உடையைக் களைந்து, ஓடும் நீரில் 15 நிமிடங்களுக்குக் குறையாது கழுவுக. அவ்விடத்தில் சோடா உப்பைத் தேய்த்தலாகாது. இவ்வமிலத்தின் புண் சில மணி நேரம் கழித்தும் வெளிப்படுமாதலின், உடனே வலி இல்லையென்று வாளாவிராது மருத்துவரை நாடுக. கண்ணிற் பட்டதாயின் கழுவுதலில் கணமும் தாழ்த்தற்க.

அரிப்பை மட்டும் அறிந்தவன் கையுறை அணிந்துகொண்டு நெருப்பை மறப்பான். எரிவை மட்டும் அறிந்தவன் நெருப்பை விலக்கிவிட்டு வெறுங்கையால் தொடுவான். கலத்தின்மேல் ஒட்டிய சீட்டுகள் இரண்டாயிருப்பது இதன்பொருட்டே. புட்டியைத் தொடுமுன் அவ்விரண்டையும் படிக்கும் வழக்கத்தை மாணவராயிருக்கும்போதே நாம் கைக்கொள்வோமாயின், பின்னாளில் ஆலைகளிலும் துறைமுகங்களிலும் நம் பொறுப்பில் அமையும் பணியாளருக்கும் அது காவலாகும்.