நரம்பு என்னும் சொல்: உடற்கூற்றுக் கலைச்சொல்லும் மக்கள் வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

உடற்கூற்றியல் வெவ்வேறாகப் பிரித்துக் காட்டும் உணர்வு நரம்பு, இரத்தக் குழாய், தசைநாண் ஆகிய மூன்றையும் தமிழ்ப் பேச்சு வழக்கு ‘நரம்பு’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி சார்ந்த மானாவாரிப் பகுதியில், எம்.ரெட்டியபட்டி வட்டாரத்திலும் தென்மாவட்டங்களிலும் பொதுவாக வழங்கும் தொடர்களைச் சான்றாகக் கொண்டு, இப்பொருட்பரப்பு எவ்வாறு அமைந்தது என்பதையும், கலைச்சொல்லாக்கம் அதனை எவ்வாறு எதிர்கொண்டது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. பெயர்ச்சொல் தொகுத்துக் கூறுவதை, அதனோடு சேரும் வினைச்சொல் வகுத்துக் கூறுகிறது என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நரம்பு, நாடி, தமனி, சிரை, கலைச்சொல்லாக்கம், வட்டார வழக்கு.

முன்னுரை

விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. அங்குப் பயிலும் முதலாண்டு மாணவர் உடல் உறுப்புகளின் பெயர்களை ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் கற்கிறார். அதே மாணவர் பின்னாளில் புறநோயாளர் பிரிவில் அமரும்போது, எதிரே வருபவர் தம் நோயைத் தமிழில் கூறுகிறார். அக்கூற்றில் அடிக்கடி இடம்பெறும் சொற்களுள் ஒன்று ‘நரம்பு’. அச்சொல்லால் நோயாளி சுட்டுவது எந்த உறுப்பை என்பது சொல்லாராய்ச்சிக்கு உரிய வினா மட்டுமன்று, மருத்துவத்திற்கும் உரியதாகும்.

பேச்சு வழக்கில் நரம்பு

கையில் ஊசி ஏற்ற முனையும் செவிலியர் ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்பார். அவர் தேடுவது சிரையை. கெண்டைக்காலில் நீலநிறமாகப் புடைத்து நெளிவதை ‘நரம்புச் சுருட்டு’ என்பர், இதுவும் சிரையே. கறவை மாடு வாங்குவோர் மடிக்கு முன்னே அடிவயிற்றில் தடித்து ஓடும் ‘பால் நரம்பை’ப் பார்த்து விலை பேசுவர், அதுவும் சிரைதான். நெற்றிப்பொட்டில் ‘நரம்பு துடிக்கிறது’ என்றால் அது தமனி. பாரம் தூக்கியவர்க்கு ‘நரம்பு பிசகிவிட்டது’ என்றால் பெரும்பாலும் தசையையோ தசைநாணையோ குறிக்கும். ‘நரம்புத் தளர்ச்சி’ என்னும் தொடரில்தான் உடற்கூற்றியல் கூறும் நரம்பு இடம்பெறுகிறது.

இதனை அறியாமை என்று ஒதுக்குவது பொருந்தாது. பழந்தமிழில் நரம்பு என்பது யாழின் தந்தியையும் குறித்தது. இலையில் ஓடும் கோடுகளும் நரம்புகளே. இன்றைய தாவரவியல் பாடநூல்களும் அவற்றின் அமைப்பை ‘நரம்பமைவு’ என்கின்றன. தெலுங்கின் நரமு, கன்னடத்தின் நர, மலையாளத்தின் ஞரம்பு ஆகிய இனச்சொற்களிலும் இப்பொருள் விரிவைக் காணலாம். ஆகவே, உடலினுள் நூல்போல் நீண்டு ஓடுவது என்னும் வடிவமே இச்சொல்லின் அடிப்படைப் பொருள் எனக் கொள்ளலாம். செயலை நோக்கியன்றி வடிவத்தை நோக்கி எழுந்த பெயர் இது.

கிரேக்க மொழியிலும் இந்நிலை இருந்தது. ‘நியூரான்’ என்னும் சொல் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் எரோபிலசும் எராசிசுத்திரட்டசும் மனித உடலை அறுத்து ஆராய்ந்த பின்னரே, உணர்வையும் இயக்கத்தையும் கடத்தும் நரம்புகள் தசைநாண்களிலிருந்து தெளிவாகப் பிரித்தறியப்பட்டன. இறந்த உடலில் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகத் தோன்றுவதால், அவை காற்றைச் சுமப்பவை என்ற கருத்தும் அங்கு நெடுங்காலம் நிலவியது. இரத்தச் சுற்றோட்டத்தை வில்லியம் ஆர்வி விளக்கிய நூல் 1628இல்தான் வெளிவந்தது. அறுத்துப் பார்க்கும் கை வேறுபாட்டைக் கண்ட பின்னரே சொல் பொருளால் சுருங்குகிறது என்பது இதனால் பெறப்படும்.

கலைச்சொல்லாக்க முயற்சிகள்

வடமொழி மருத்துவ மரபில் சுசுருத சங்கிதை சிரை 700, தமனி 24, சுநாயு 900 என எண்ணிக்கையுடன் வகுத்தது. சித்த மருத்துவ மரபு 72,000 நாடிகளைக் கூறுகிறது. இவ்வகைப்பாடுகள் இன்றைய உடற்கூற்றுப் பிரிவுகளோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துவன அல்ல. எனவே இச்சொற்களை எடுத்தாண்ட பிற்காலத்தார், அவற்றுக்குப் புதிய எல்லை வகுக்க வேண்டியிருந்தது.

தமிழில் மேலைநாட்டு உடற்கூற்றியலை முறையாகக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன். 1847இல் இலங்கை வந்த அவர், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். பின்னர்த் தமிழிலேயே அதனைப் பயிற்றுவித்தார். ‘அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல்’, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ முதலியன அவருடைய முயற்சியால் வெளிவந்த நூல்கள். உடற்கூற்றுக்கு ‘அங்காதிபாதம்’ எனப் பெயரிட்டிருப்பது, முடி முதல் அடி வரை பாடும் கேசாதிபாதம் என்னும் இலக்கிய வகையை நினைவூட்டுகிறது. புதிய அறிவுத்துறைக்குத் தமிழ் மாணவர் காதுக்குப் பழகிய ஓசையில் பெயர் அமைந்தது எனலாம்.

இன்று இரு மரபுகள் நிலைபெற்றுள்ளன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமனி, சிரை, நரம்பு என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் நாடி, நாளம், நரம்பு என்கின்றன. இரண்டுமே ‘நரம்பு’ என்பதை உணர்வையும் ஏவலையும் கடத்தும் உறுப்புக்கு மட்டும் உரியதாக்கின. ‘நாடி பார்த்தல்’ எங்கும் அறிந்த வழக்காதலால், துடிக்கும் குழாய்க்கு நாடி என்னும் பெயர் எளிதில் விளங்கும். எனினும் தென்மாவட்டங்களில் நாடி என்பது மோவாயையும் குறிப்பதால், அச்சொல்லும் மயக்கத்திற்கு அப்பாற்பட்டதன்று. தமனி, சிரை என்பனவோ பாடநூலைத் தாண்டி ஊர்ப்பேச்சில் வேரூன்றவில்லை.

மக்கள் வழக்கு எங்கும் தொகுத்தே கூறுவதாகவும் கருதலாகாது. இறைச்சிக் கடையில் ஈரல் வேறு, சுவரொட்டி வேறு, குண்டிக்காய் வேறு. பாடநூல் கூறும் மண்ணீரலையும் சிறுநீரகத்தையும் கடைக்காரர் இவ்வாறு தனித்தனிப் பெயரிட்டே விற்கிறார். அறுத்துப் பிரிக்கும் தொழில் உள்ள இடத்தில் பெயர்களும் பிரிகின்றன. நரம்பு, சிரை, தசைநாண் ஆகியவற்றைத் தனித்தனியே எடுக்கும் தேவை அங்கு எழவில்லை. ஆதலின் பெயரும் பிரியவில்லை.

மணிக்கட்டு: ஒரு விளக்கம்

இம்மயக்கத்தின் விளைவை மணிக்கட்டில் காணலாம். உள்ளங்கைப் பக்கத்தில் ஒரு குறுகிய வழியினூடே 9 தசைநாண்களும் நடுநரம்பும் சேர்ந்து செல்கின்றன. பெருவிரல் பக்கத்தில் நாடி பார்க்கும் தமனி துடிக்கிறது. தோலை ஒட்டிச் சிரைகள் ஓடுகின்றன. சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடும் தொழில் உள்ள இப்பகுதியில் அரிவாள் காயம் புதிதன்று. காயம்பட்டவரை அழைத்து வருவோர் ‘கை நரம்பு அறுந்துவிட்டது’ என்பர்.

இத்தொடர் மூன்று நிலைகளுள் எதனையும் குறிக்கலாம். இரத்தம் துடித்துப் பீறிட்டால் தமனி வெட்டுண்டிருக்கலாம். விரலை மடக்க இயலவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் உள்ளங்கைப் பக்கம் தொடுவுணர்வு அற்றிருந்தால் நடுநரம்பு சேதமுற்றிருக்கலாம். இரத்தப்போக்கு உடனே கண்ணில் படும். உணர்விழப்பைத் தொட்டுப் பார்த்துக் கேட்டால்தான் அறியலாம். இரத்தம் நின்றவுடன் ‘நரம்பு சரியாகிவிட்டது’ என்று இருதரப்பும் நிறைவடைந்தால், அறுந்த நடுநரம்பு கவனிக்கப்படாமல் போகக்கூடும். அதன் விலை, வாழ்நாள் முழுதும் அரிவாள் பிடிக்கவோ ஊசி கோக்கவோ இயலாத கையாக இருக்கலாம்.

வினைச்சொல் காட்டும் வழி

மேற்கண்ட தொடர்களை மீண்டும் நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். நரம்பு புடைக்கிறது, சுருள்கிறது என்னும்போது சிரை குறிக்கப்படுகிறது. துடிக்கிறது என்னும்போது தமனி. பிசகியது, பிடித்துக்கொண்டது என்னும்போது தசையும் தசைநாணும். மரத்துப்போனது, எரிகிறது, சுரீர் என்கிறது என்னும்போது உணர்வு நரம்பு. பெயர்ச்சொல் வடிவத்தைக் கூறுகிறது. வினைச்சொல் செயலை, அல்லது செயலின் குறையைக் கூறுகிறது. கலைச்சொல் பிரித்துக் காட்டும் வேறுபாட்டைப் பேசுவோர் உணராமல் இல்லை. அதனைத் தொடரின் மற்றோர் உறுப்பில் வைத்துள்ளனர்.

இவ்வொழுங்கு முழுமையானதன்று. ‘நரம்பு இழுக்கிறது’ என்பது கெண்டைத்தசைப் பிடிப்பையும் குறிக்கும்; இடுப்பிலிருந்து கால்வரை பரவும் நரம்பு வலியையும் குறிக்கும். அவ்விடத்து எங்கிருந்து எங்கு இழுக்கிறது, உடன் மரத்துப்போகிறதா என வினவுதல் வேண்டும். வினைச்சொல் நோயைத் துணிவதற்குப் போதிய சான்றாகாது. அடுத்த வினாவைத் தேர்ந்துகொள்ள உதவும் குறிப்பாகும்.

முடிவுரை

‘நரம்பு’ என்னும் சொல்லின் பொதுப்பொருளைப் பிழையெனக் கொண்டு திருத்த முயல்வதால் பயன் விளையாது. தமனி, சிரை முதலிய கலைச்சொற்கள் பாடநூலுக்கு இன்றியமையாதவை. அவற்றோடு, வட்டார வழக்கில் உடலுறுப்புப் பெயர்களுடன் சேர்ந்துவரும் வினைச்சொற்களைத் தொகுத்து அகராதியாக்கும் பணியும் தமிழ்த்துறைகளுக்கு உரியது. அத்தொகுப்பு மருத்துவ மாணவர் கைக்குச் சென்றால், நோயாளியின் தொடரை இறுதிச் சொல் வரை கேட்கும் பயிற்சிக்கு அது துணைபுரியும்.